மாங்குளம் முதல் திருநாதர்குன்று வரை: தமிழ்ச் சமணத்தின் தடத்தில்

சனிக்கிழமை, மாங்குளம்

மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாங்குளம் மலையிலிருந்து இந்தப் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். தமிழ்நாட்டில் கிடைத்துள்ள தமிழ்ப் பிராமிக் குகைக் கல்வெட்டுகளுள் மிகப் பழையவை என்று அறிஞர்கள் கருதும் கல்வெட்டுகள் இங்குதான் இருக்கின்றன. மீனாட்சிபுரம் ஊரைத் தாண்டி மலையடிவாரத்தை அடைந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்கள் காலணிகளைப் பார்த்துவிட்டு, "பாறை வழுக்கும் தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்திருங்க" என்றார். மேலே என்ன இருக்கிறது என்று கேட்டோம். "சாமியாருங்க படுத்த படுக்கை இருக்கு" என்றார். அந்த விடையில் பிழை ஏதும் இல்லை.

இயற்கையாக அமைந்த குகைத்தளங்களின் தரையை மட்டப்படுத்தி, ஒருவர் நீட்டிப் படுக்கும் அளவுக்குக் கற்படுக்கைகளை வெட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் தலைவைக்கும் பக்கம் மட்டும் தலையணைபோலச் சற்றே மேடாக விடப்பட்டிருக்கிறது. குகையின் நெற்றியில், பாறையின் முன்விளிம்பை ஒட்டி, நீளமாக ஒரு வெட்டு ஓடுகிறது. மழைநீர் பாறைச் சரிவில் வழிந்து உள்ளே புகாமல், அந்த விளிம்பிலேயே தடைப்பட்டு வெளியே சொட்டிவிடுவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டிய சமணத் துறவிகள், மழைக்காலத்தில் மண்ணிலிருந்து வெளிப்படும் சிற்றுயிர்கள் காலடியில் மிதிபடக் கூடாது என்பதற்காக, அந்த மாதங்களில் மட்டும் ஓரிடத்தில் தங்குவார்கள். மழைக்காலத்துக்கென்றே தேவைப்பட்ட தங்குமிடத்தில் மழைநீரைத் தடுப்பதே முதல் வேலையாக இருந்திருக்கும் என்பது, அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தபோது தெளிவாகப் புரிந்தது.

கல்வெட்டுகளை 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் சீவல் கண்டறிந்தார். அவை தமிழ்தான் என்பதை 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயர் அவற்றில் இருப்பதை 1960-களில் ஐராவதம் மகாதேவன் உறுதிப்படுத்திய பிறகே, கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் ஒரு பாண்டிய அரசனின் ஆதரவு இம்மலைக்கு இருந்தது என்பது வரலாற்றில் ஏறியது. கணிநந்தி என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவியர் உறைவிடம், அமைத்துக் கொடுத்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவாகிய நிகமத்தார் கொடுத்ததாக இன்னொன்று சொல்கிறது. இரண்டிலும் முதன்மையாக நிற்பவர்கள் கொடுத்தவர்கள். அந்தத் துறவி என்ன போதித்தார், எந்த நூலைக் கற்பித்தார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சமயங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஞானிகளின் வரலாறாகவே படிக்கிறோம். இம்மலையோ ஒரு சமயத்தைத் தாங்கி நின்ற அரச அலுவலர்களையும் வணிகர்களையும் முன்னிறுத்துகிறது. அடுத்தடுத்த ஊர்களில் நான் தேடப்போவதும் இவர்களைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, சமணர்மலை

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில், தாமரைக்குளமும் ஆலமரமும் அய்யனார், கருப்பசாமி கோயிலும் ஒன்றாக இருக்கும் அடிவாரத்திலிருந்து சமணர்மலை ஏறுகிறது. இங்கு வருபவர்களுள் பெரும்பாலோர் கருப்பசாமியைக் கும்பிட வருபவர்கள். கும்பிட்டு முடித்தபின் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மலைமேல் உள்ள சிற்பங்களையும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்.

தென்மேற்குச் சரிவில் உள்ள செட்டிப்புடவுக்கு முதலில் சென்றோம். குகைவாயிலுக்கு அருகே அமர்ந்த நிலையில், சமணர் வழிபடும் அருளாளர்களாகிய தீர்த்தங்கரர்களுள் ஒருவரின் பெரிய சிற்பம் இருக்கிறது. குகையின் உள்ளே, வளைந்த கூரைப் பரப்பில், முக்குடையின் கீழ் அமர்ந்த மூன்று தீர்த்தங்கரர்களும், அவர்களுக்கு இருபுறமும் காவல் பெண்தெய்வங்களாகிய இயக்கியர் இருவரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருபுற இயக்கி சிங்கத்தின்மேல் அமர்ந்து, கையில் வில்லேந்தி, யானைமேல் வாளும் கேடயமுமாக வரும் வீரன் ஒருவனை எதிர்த்துப் போரிடுகிறாள். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தின் குகைக்குள், போரிடும் பெண்தெய்வம் ஒருத்தி இத்தனை உயிர்ப்போடு நிற்பதைக் கண்டு நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம். வில்லை ஏந்திய கையின் நீட்சியும், எதிரே யானையின் முன்னேறும் அசைவும், ஒரு முழத்துக்குச் சற்று மிகுந்த பரப்பில் அடங்கியிருக்கின்றன. தமிழ் மக்கள் தாம் முன்பே வணங்கிவந்த கொற்றவையின் சாயலை விட்டுவிடாமல் புதிய சமயத்துக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

மலையின் மறுபக்கம், படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்குள்ள சுனைக்கு மேலே, ஒரே வரிசையில் தீர்த்தங்கரர்களும், முதல் தீர்த்தங்கரரின் மகனான பாகுபலியும் செதுக்கப்பட்டுள்ளனர். உருவங்களின் கீழே, பழைய தமிழ் எழுத்து வடிவமாகிய வட்டெழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. அச்சணந்தி, ஒன்பது பத்தாம் நூற்றாண்டுகளில் தமிழகத்தில் சமணத்துக்குப் புத்துயிர் ஊட்டிய துறவி. ஆனைமலை, அரிட்டாபட்டி, அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம், ஏர்வாடி எனத் தென்னாட்டு மலைகள் பலவற்றிலும், வடக்கே வள்ளிமலையிலும் அவர் பெயர் பாறைகளில் இருக்கிறது. சமணத் துறவிகள் வாகனங்களில் ஏறுவதில்லை. இந்தத் தொலைவு முழுவதும் நடந்தே கடந்ததாக இருக்க வேண்டும். எல்லாப் பற்றையும் துறந்து வீட்டைவிட்டுச் சென்ற மகனின் பெயரைச் சொல்லி ஒரு தாய் சிற்பம் செய்வித்திருக்கிறாள். அந்தத் துறவியின் மரபும் அதைத் தன் மலையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. துறவையும் குடும்பத்தையும் எதிரெதிராக நிறுத்திப் பேசும் எவரும் இந்தக் கல்வெட்டின் முன் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்னும் கோயிலின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. இன்னும் உயரே ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு.

இந்தச் சிற்பங்களின் காலத்தைப் பற்றி ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்ததையும், பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அவரை வரவேற்றதையும், ஏடுகளை நெருப்பிலும் நீரிலும் இட்டு நடத்திய அனல்வாதம் புனல்வாதத்தில் சமணர் தோற்றதையும், எண்ணாயிரம் சமணர் கழுவேறியதையும் பெரியபுராணம் பாடுகிறது. பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். சம்பந்தரின் தேவாரத்திலேயே, ஆனைமாமலை முதலிய இடங்களில் வாழும் சமணருக்குத் தான் எளியவன் அல்லன் என்று பாண்டிமாதேவியிடம் கூறும் பதிகம் இருக்கிறது. ஆகவே பூசல் நடந்தது உண்மை, அது கடுமையாக நடந்ததும் உண்மை. ஆனால் மதுரையைச் சுற்றிய குன்றுகளில் நாம் இன்று காணும் தீர்த்தங்கரர் சிற்பங்களில் பெரும்பாலானவை சம்பந்தர் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிந்தியவை. வேரோடு அழிந்துபோன சமயம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரின் எல்லையில், அதே பாண்டியர் ஆட்சியில், பெரும்பள்ளி கட்டியிருக்க முடியாது. தமிழ்ச் சமணத்தின் கதையை ஒரு தோல்வியின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவது, குணமதியாருக்கு நாம் செய்யும் அநீதி.

இறங்கும்போது கருப்பசாமி கோயில் திண்ணையில் இருந்த பெரியவரிடம் மலையைப் பற்றிப் பேசினோம். கல் உடைக்க வந்தவர்களை ஊரார் தடுத்ததைப் பற்றிச் சொல்லிவிட்டு, "மலை எங்க சாமியோடது. அதுல இருக்கிறவங்களும் எங்க சாமிதான்" என்றார்.

திங்கட்கிழமை, கழுகுமலை

கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள கழுகுமலையில் முருகன் கோயிலின் கூட்டத்தைக் கடந்து, பின்புறமாகப் பாறைமேல் ஏறினோம். முதலில் வருவது வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செதுக்கத் தொடங்கி, மேற்பகுதி முடிந்த நிலையில் நிறுத்திவிட்ட சிவன் கோயில் இது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவரது விரல்கள் தோலைத் தொடும் கணத்தைச் சிற்பி பிடித்திருக்கும் அழகை, அருகிலிருந்து பார்த்தால்தான் உணர முடியும்.

அங்கிருந்து சில நிமிட நடையில், அதே பாறையின் மற்றொரு முகத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சைவர்கள் ஒருபுறமும் சமணர்கள் மறுபுறமும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே அரச மரபின் கீழ், உளி பிடித்திருக்கிறார்கள். ஒருபுறத்து உளியோசை மறுபுறத்துக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

பெரிய சிற்பங்கள் சில உண்டு. தீர்த்தங்கரருள் ஒருவரான பார்சுவநாதர் தவத்தில் நிற்க, மேலே அவருடைய பகைவன் கமடன் பாறையைத் தூக்கி எறிய முனைகிறான். நாகராசனாகிய தரணேந்திரன் தன் படத்தை விரித்துக் காக்கிறான். காலடியில் மண்டியிட்டிருக்கும் உருவம், மனம் திருந்திய அதே கமடன் என்பார்கள். பகைவனை வென்றதாகக் காட்டாமல் அவன் திருந்தியதாகக் காட்டும் அந்த முடிவு இச்சிற்பத்தை மற்ற வெற்றிச் சிற்பங்களிலிருந்து வேறுபடுத்துகிறது. பாகுபலியின் கால்களில் கொடிகள் சுற்றிப் படர்ந்திருக்க, தங்கையர் இருவரும் இருபுறமும் நிற்கிறார்கள். அம்பிகை என்னும் இயக்கி தன் சிங்கத்தோடு நிற்கிறாள்.

ஆனாலும் என் நேரத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டவை சிறிய உருவங்கள்தாம். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவே இருக்கும் தீர்த்தங்கரர்கள் மூன்று அடுக்குகளாக அமர்ந்திருக்க, ஒவ்வொருவரின் இருக்கைக்கும் கீழே, இன்னார் செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்துப் பொறிப்பு இருக்கிறது. ஏறத்தாழ எல்லா உருவங்களும் ஒரே அமைப்பில் இருப்பதால் கண் சலிப்படையும். கல்வெட்டுகளின் வாசிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாலோ, ஒவ்வோர் உருவத்துக்கும் பின்னால் ஓர் ஊரும் ஓர் ஆளும் தெரிகிறார்கள். குருவின் நன்மைக்காக மாணாக்கரும், இறந்துபோன உறவினருக்காகக் குடும்பத்தாரும் செய்வித்தவை பல.

செய்வித்தவர்களின் பெயர்களில் குரத்தியர் வருகிறார்கள். குரவர் என்பது ஆண் ஆசிரியர்க்கு வழங்கியதுபோல, குரத்தி என்பது பெண் ஆசிரியர்க்கு வழங்கியது. மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார் என ஊர்ப்பெயர்களோடு அவர்கள் குறிக்கப்படுகிறார்கள். தமிழகத்தில் பரவிய திகம்பர மரபு, அதாவது துறவியர் ஆடையையும் துறக்கும் சமணப் பிரிவு, பெண் பிறவியில் வீடுபேறு கிட்டாது என்று கொள்கை வகுத்த மரபு. அதே மரபுக்குள், அதே தமிழ் மண்ணில், பெண்கள் ஆசிரியராக இருந்து மாணாக்கரை உருவாக்கிக் கல்வெட்டில் பெயர் பொறிக்கும் நிலையில் இருந்திருக்கிறார்கள். வந்தவாசிக்கு அருகில் வேடல் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கனகவீரக் குரத்தியார் என்பவரிடம் ஐந்நூறு மாணாக்கியர் இருந்ததையும், மற்றொரு பிரிவினரோடு அவர்களுக்குப் பிணக்கு ஏற்பட்டபோது உள்ளூர்ச் சமணர்கள் அவர்களைக் காத்து உணவளிக்க முன்வந்ததையும் கூறுகிறது. கொள்கை நூல்களை மட்டும் படித்து ஒரு சமயத்தில் பெண்களின் இடத்தை அளந்துவிட முடியாது என்பதற்கு இவ்விரண்டு ஊர்களையும் சான்றாகச் சொல்வேன். நம் பள்ளிப் பாடநூல்களில் அரசர்களின் பட்டப்பெயர்களுக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு வரியாவது குரத்தியர்க்குக் கிடைக்க வேண்டும்.

பாறையின் முன்பகுதியில் இங்கும் ஓர் அய்யனார் கோயில் இருக்கிறது. சில தீர்த்தங்கரர் உருவங்கள்மீது பெயர்களைக் கீறிவிட்டுச் சென்றிருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக மழையும் வெயிலும் செய்யாததை ஓர் ஆணி செய்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை, சித்தன்னவாசல்

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலின் ஓவியங்களைப் பற்றிப் பலரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் சுருக்கமாகவே சொல்கிறேன். அறிவர் கோயிலின் கூரையில் உள்ள தாமரைக் குளத்தில் மீன்களும் யானைகளும் எருமைகளும் பூப்பறிக்கும் மனிதர்களும் இன்னும் ஓரளவு தெரிகிறார்கள். நிறம் வெளிறிக்கொண்டே வருகிறது. இக்கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது.

ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோர் பலரும் விட்டுவிடும் ஏழடிப்பட்டம் அதே குன்றின் மறுசரிவில் இருக்கிறது. பாறை விளிம்பை ஒட்டிய குறுகிய பாதையில், வெட்டப்பட்ட கால்தடங்களில் அடிவைத்து, குகைக்குள் நுழைய வேண்டும். உள்ளே 17 கற்படுக்கைகள். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுள்ள படுக்கை ஒன்றுக்கு அருகிலேயே, பல நூற்றாண்டுகள் கழித்து வந்து நோற்ற துறவிகளின் பெயர்கள் பிற்கால எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. குகை இருட்டானதன்று, படுத்தால் சமவெளி முழுவதும் தெரிகிறது.

புதன்கிழமை, மேல்சித்தாமூர்

இதுவரை பார்த்தவை துறவிகள் விட்டுச்சென்ற இடங்கள். விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணம் இன்றும் வாழும் ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் இங்குதான் இருக்கிறது; காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த மடம் பின்னாளில் இங்கு வந்தது என்பது மரபு. மடத்தின் தலைவர்கள் வழிவழியாக இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயரைத் தாங்கி வருகிறார்கள்.

பார்சுவநாதர் கோயிலின் கோபுரத்தையும் மண்டபத்தையும் தொலைவிலிருந்து பார்ப்பவர் இதைச் சிவன் கோயில் என்றோ பெருமாள் கோயில் என்றோ எண்ணக்கூடும். இதைவிடப் பழைய மலைநாதர் கோயிலில், பெரும்பாறை ஒன்றில் பாகுபலி, ஆதிநாதர், மகாவீரர், பார்சுவநாதர், அம்பிகை ஆகியோர் அடுத்தடுத்துச் செதுக்கப்பட்டுள்ளனர். கழுகுமலையில் வெயிலில் நிற்கும் அதே உருவங்கள் இங்கே எண்ணெய்க் காப்போடும் பூவோடும் வழிபாட்டில் இருப்பதைக் கண்டபோது, முந்தைய நாள்களில் பார்த்த ஒவ்வொரு பாறையும் மனத்தில் வேறொரு வெளிச்சம் பெற்றது.

கோயிலில் சந்தித்த நயினார் (தமிழ்ச் சமணர்) ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வயல்வேலை செய்யும் குடும்பம். மாலை ஐந்தரை மணிக்கே இலை போட்டுவிட்டார்கள். கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை என்பது அவர்கள் நோன்பு. "விளக்கு வெளிச்சத்துல பூச்சி விழும், நமக்குத் தெரியாது. அதனாலதான் ஐயா பொழுதோட சாப்பிட்டுடறது" என்றார் அவருடைய துணைவியார். மாங்குளத்து மழைக்காலக் குகைக்குக் காரணமாக இருந்த அதே எண்ணம் அந்த அடுக்களையின் நேரத்தை முடிவு செய்துகொண்டிருந்தது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர்கள் 89,265 பேர். வணிகத்துக்காக வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் இதில் அடக்கம் என்பதால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணர்கள் இதைவிடக் குறைவு. எண்ணிக்கை எதுவாயினும், அவர்கள் காத்துவைத்த அறிவின் அளவு பெரிது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலின் சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அவர்களுக்கோ அது அன்றாடம் வழிபாட்டோடு படித்துவந்த நூல்.

வியாழக்கிழமை, திருநாதர்குன்று

செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரில், கோட்டையைப் பார்க்க வருவோரில் ஒருசிலரே வந்துபோகும் சிறு குன்று இது. மேலே ஒரு பெரும்பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும், வரிசைக்குப் பன்னிருவராக இரு வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

நாங்கள் தேடி வந்தது அருகில் உள்ள கல்வெட்டை. ஐம்பத்தேழு நாள்கள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை இது என்று அது சொல்கிறது. நிசீதிகை என்பது வடக்கிருந்து, அதாவது சாகும்வரை உண்ணாநோன்பிருந்து, உயிர்துறந்தவரின் நினைவிடம். பிராமியிலிருந்து வட்டெழுத்து உருப்பெறும் நிலையைக் காட்டுவதால் எழுத்தியல் அறிஞர்கள் இதைப் பொன்னாகப் போற்றுகிறார்கள். நான் அந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதை ஒருவர் நாள்தோறும் உடனிருந்து எண்ணியிருக்க வேண்டும். நீர் கொடுத்தும், மந்திரம் ஓதியும், உடல் தளர்வதைப் பார்த்தும் இருந்த மாணாக்கர்கள் இருந்திருக்க வேண்டும்.

சல்லேகனை என்னும் இந்த நோன்பு இன்றும் விவாதத்துக்கு உரியது. 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தண்டனைக்குரியது என்று தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. வாழ்வை வெறுத்து உயிரை மாய்த்துக்கொள்வது வேறு, உடலின் பயன் முடிந்தபின் ஆசிரியரின் இசைவோடு உணவைப் படிப்படியாகக் குறைத்து அமைதியாக விடைபெறுவது வேறு என்பது சமணர்களின் நிலை. முந்தைய நாள் அந்த நயினாரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "ஆத்திரத்துல செய்றதும் வருத்தத்துல செய்றதும் இதுல சேராதுங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் வற்புறுத்தாத நிலையில் இது ஒருவரின் சமய உரிமை என்றே நானும் கருதுகிறேன்; வற்புறுத்தல் இல்லை என்பதை எப்படி உறுதிசெய்வது என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்பதும் நியாயமே என்றும் கருதுகிறேன்.

இதே குன்றில் இன்னொரு நிசீதிகைக் கல்வெட்டும் இருக்கிறது. முப்பது நாள் நோன்பிருந்து மறைந்த இளைய பட்டாரர் என்னும் துறவியுடையது அது. இரண்டு எழுத்து வடிவங்களுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் கடந்திருக்கின்றன. சம்பந்தரின் காலம் அந்த இடைவெளிக்குள் அடங்குகிறது. அதற்குப் பிறகும் ஒரு துறவி, தமக்கு முன்னவர் நோற்ற பாறை எது என்பதை அறிந்து இங்கு வந்திருக்கிறார். அவர் நோன்பின் நாள்களையும் எண்ணிக் கல்லில் பொறிக்க ஆள்கள் இருந்திருக்கிறார்கள்.